வீடு திரும்பும் நாள், மூன்று கிலோ

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. நீயும் மாமாவும் குட்டியும் நலமாகத்தான் இருப்பீர்கள். இல்லையென்றால் போன் வந்திருக்கும். நானும் நலம். போனில் சொன்னால் பாதியில் உன் வீட்டுக் குக்கர் கத்தும், நீயும் "அப்புறம் பேசறேன்டா" என்று வைத்துவிடுவாய், அந்த அப்புறம் வருவதற்குள் எனக்கு முடி நரைத்துவிடும். அதனால்தான் கடிதம். விஷயம் இதுதான்: இந்த விடுமுறைக்கு நான் வர முடியாது. லீவு கிடைக்கவில்லை. ஏன் என்பதைப் பொறுமையாகப் படி.

கையால் நூல் நூற்பதைப் பொழுதுபோக்காக வைத்திருக்கும் வசதியானவர்களுக்காக நாங்கள் கம்பளி, பட்டு, மினுக்கு இழை எல்லாம் கலந்து, சுருட்டி, பெட்டியில் போட்டு அனுப்புகிறோம் என்பது உனக்குத் தெரியும். இந்த வருடம் முதலாளியம்மாவுக்கு ஒரு யோசனை வந்தது. உலகத்துத் திருவிழாக்கள் பதினொன்று, விழாவுக்கு ஒரு கலவை. விளக்கு விழாவுக்கு மஞ்சளும் கருநீலமும், பனி விழாவுக்கு வெள்ளையும் வெள்ளி இழையும், முகமூடி ஊர்வலத்துக்குக் கண்ணைக் குத்துகிற ஏழு நிறம். ஒரு விழாவையும் அந்தம்மா நேரில் பார்த்ததில்லை, எல்லாம் படத்தில் பார்த்ததுதான். கொஞ்சமாவது உண்மை இருக்க வேண்டுமே என்று எங்களை வரிசையாக நிறுத்தி, விழா நாளில் உங்கள் வீட்டில் என்ன நிறம் கண்ணில் படும் என்று கேட்டார். பெட்டி கட்டும் பெரியம்மா (நமக்கு உறவில்லை, எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுகிறோம்) யோசிக்கவே இல்லை. "கழுவாத பாத்திரத்தோட நெறந்தாம்மா. காலைலேர்ந்து அதைத்தானே பாக்கறேன்." அது விற்காது என்று சொல்லிவிட்டார்கள். விற்கிறதைச் செய்ய மூன்று மாதமாக ஞாயிற்றுக்கிழமையும் வேலை. ஊரார் கொண்டாட நாங்கள் இங்கே தூசி தின்கிறோம்.

அந்த மினுக்கு இழை இருக்கிறதே, அது ஒரு சனியன். தலை, புருவம், காது மடல் எல்லாம் ஒட்டிக்கும், குளிச்சாலும் போகாது. ஒரு நாள் பஸ்ல பக்கத்துல உக்காந்தவர் என்னை மேலேயும் கீழேயும் பாத்துட்டு, கல்யாண வீட்டுலேர்ந்து வர்றியா தம்பின்னு கேட்டாரு. ஆமான்னுட்டேன். யாருக்குன்னாரு. தங்கச்சிக்குன்னேன். நமக்கு ஏது தங்கச்சி, வாய்க்கு வந்ததைச் சொல்லிட்டேன். மாப்பிள்ளை என்ன பண்றாருன்னு விசாரிச்சு, நல்லா இருக்கட்டும்னு வாழ்த்திட்டு இறங்கிப் போனாரு. அந்த வாரம் வேலையைத் தவிர வேற பேச்சு என்கிட்ட பேசின ஒரே மனுஷன் அவர்தான். மறுநாள் அதே பஸ்ஸுக்காக அரை மணி நேரம் நின்னேன், சாப்பாடு எப்படி இருந்துச்சுன்னு சொல்லலாம்னு. அவர் வரலை.

இப்ப லீவு விஷயத்துக்கு வர்றேன். பதினொன்றாவது கலவைக்குப் பேரு 'வீடு திரும்பும் நாள்'. சிவப்பு, பச்சை, பொன்னிறம். கம்பி முள் வெச்ச பெரிய உருளையில கொடுத்துச் சீவணும், அதுவும் ரெண்டே தடவை. அப்பத்தான் நிறமெல்லாம் தனித்தனியா தெரியும். அதுக்கு மேல விட்டா ஒண்ணோட ஒண்ணு கரைஞ்சுடும். இது எனக்குத் தெரியாததா? ஆனா உருளைக்குக் கம்பளியைக் கொடுத்துக்கிட்டே நான் உன் வீட்டுக்கு வந்துட்டேன் அக்கா. வாசல்ல செருப்பைக் கழட்டறேன், நீ கதவைத் திறக்கறே, குட்டி ஓடி வந்து காலைக் கட்டிக்கறா, மாமா டிவி சத்தத்தைக் குறைக்கறாரு. முடிஞ்சதும் மறுபடி வாசல்லேர்ந்து ஆரம்பிக்கறேன். காலையிலேர்ந்து எத்தனை தடவை வந்தேனோ, பாத்தா மூணு கிலோவும் கால்மிதி நிறத்துல கிடக்கு. சூப்பர்வைசர் ஒரு பிடி எடுத்து வெளிச்சத்துல பாத்தாரு.

"இது எந்த நாட்டு விழாடா?"

"வீடு திரும்பும் நாள் சார்."

"இந்த நிறத்துல திரும்பறதுக்கு அங்கேயே இருந்துக்கலாம்."

விடுமுறை பூரா தனியா உக்காந்து மூணு கிலோவையும் புதுசா போட்டுக் கொடுத்துட்டுத்தான் வெளியே போகணும்னு உத்தரவு. அதனால எனக்காக எதுவும் சமைச்சு வெக்காதே, பாயைத் தட்டிப் போடாதே.

மாமாவுக்கு என் வணக்கம். குட்டி என்னை மறந்திருந்தால் போட்டோவைக் காட்டு. உன் முதுகுவலிக்கு டாக்டரைப் பார், தள்ளிப் போடாதே. எல்லாரும் குறையில்லாமல் இருங்கள்.

உன் தம்பி

பின்குறிப்பு: கலவை கெட்டது நிஜம். லீவு கிடைக்கலைங்கறது பொய். மூணு கிலோவையும் மறுநாளே புதுசா போட்டாச்சு, லீவு கேட்டதும் அஞ்சு நாள் கொடுத்துட்டாங்க. போன தடவை வந்தப்ப மாமா சமையலறையில உன்கிட்ட, "உன் தம்பி எப்ப கிளம்பறான்?"னு கேட்டாரு. நீ "நாளைக்கு"ன்னு சொன்னே. நான் ஒரு வாரத்துக்குத் துணி எடுத்துட்டு வந்திருந்தேன். அதுக்கப்புறம்தான் எனக்கு வேலை அதிகமாயிடுச்சு. இந்தத் தடவையும் அப்படியே சொல்லிடலாம்னுதான் மேலே எழுதினேன், எழுதி முடிச்சதும் போய் டிக்கெட் எடுத்துட்டேன். வெள்ளிக்கிழமை காலையில வர்றேன். எப்ப கிளம்பறான்னு மாமா கேட்டா, தெரியலைன்னு சொல்லு.