முதல் சரணத்துக்கு வாத்தியம் கிடையாது

முப்பத்தைந்து வயதுக்கு மேல் ஒன்றைப் புதிதாகக் கற்றுக்கொள்கிறவன், அதை ஒருவரிடமும் சொல்லாமல் கற்றுக்கொள்வது நல்லது. நான் போதகரிடமே சொல்லிவிட்டேன்.

1992ஆம் ஆண்டு. அம்பத்தூரில் எங்கள் சர்ச்சில் ஆர்மோனியம் வாசித்துவந்த ஸ்டெல்லா டீச்சர், டிசம்பர் தொடக்கத்தில் மகனோடு பெங்களூர் போய்விடுவதாகச் சொன்னார். கிறிஸ்துமஸ் ஆராதனைக்கு ஆள் வேண்டும். ஆவடியிலிருந்து ஒருவரை அழைக்கலாமா என்று போதகர் யோசித்துக்கொண்டிருந்தார்.

"வெளியாளு எதுக்கு ஐயா? டீச்சர்கிட்ட நான் பியானோ கத்துக்கிட்டிருக்கேன். நவம்பர்ல லண்டன்காரங்க நடத்தற முதல் கிரேடு பரீட்சை. பாஸானதும் நானே வாசிச்சிடறேன்" என்றேன். (வலது கையில் சுண்டுவிரலுக்கும் வேலை உண்டு என்பதை அந்த வாரம்தான் தெரிந்துகொண்டிருந்தேன்.)

பியானோவைப் பற்றி நிறையப் படித்திருந்தேன். அதை முதலில் செய்த இத்தாலிக்காரரின் ஊர் தெரியும். உள்ளே சின்னச் சுத்தியல் தந்தியை அடிக்கும் விதத்தைப் படம் போட்டு விளக்குவேன். பியானோவைத் தொட்டதுதான் இல்லை. பயிற்சி முழுவதும் சர்ச்சிலிருந்த கால் ஆர்மோனியத்தில். அதன் அடியில் இரண்டு மிதிகள் இருக்கும். மாற்றி மாற்றி மிதித்துக் காற்றடித்தால்தான் சத்தம் வரும். சத்தம் குறைந்தால் இன்னும் வேகமாக மிதிக்க வேண்டும்.

"தம்பி, பியானோவுலயும் கீழ மிதி இருக்கும். அது காத்துக்கு இல்ல. காலை தரையில வெச்சிக்கிட்டு வாசிங்க" என்று டீச்சர் எச்சரித்தார்.

"அதெல்லாம் படிச்சிருக்கேன் டீச்சர்" என்றேன்.

தொழிற்பேட்டையில் நான் ஸ்டோர்ஸ் பார்த்த கம்பெனியில் லீவு எழுதிக் கொடுத்தபோது, லேத் ஓட்டும் முனுசாமி எட்டிப் பார்த்தான்.

"இன்னா மாமே, லீவு?"

"பரீட்சை. பியானோ. முதல் கிரேடு."

"ஒண்ணாங்கிளாசா? பெயிலாய்ட்டா ஊட்லேந்து அம்மாவ இட்டுகினு வரச் சொல்வாங்களா?"

சிரித்துவைத்தேன். நகரத்துக்குள் ஒரு பள்ளிக்கூடத்தில் பரீட்சை. காத்திருக்கும் அறை முழுக்க ரெட்டைப் பின்னலும் அரைக்கால் சட்டையுமாகக் குழந்தைகள். பக்கத்து நாற்காலியில் இருந்த அம்மா, "உங்க பாப்பா உள்ள போயிட்டாளா சார்?" என்று விசாரித்தார்.

"இல்லைங்க. நான்தான் பாப்பா" என்று வாயில் வந்துவிட்டது.

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவருடைய மகள் மட்டும் இரக்கத்தோடு, "பயப்படாதீங்க அங்கிள், திட்ட மாட்டாங்க" என்றாள்.

உள்ளே ஒல்லியான, வயதான ஆங்கிலேயர் ஒருவர் பென்சிலோடு உட்கார்ந்திருந்தார். குட்மார்னிங் சொல்லிவிட்டு, முதல் பாடத்தை ஆரம்பித்தேன். கை ஆரம்பித்ததும் காலும் ஆரம்பித்துவிட்டது. பியானோவில் ஒரு மிதி சத்தத்தை நீட்டும், இன்னொன்று அமுக்கும். ஆகவே என் வாசிப்பு ஒரு சமயம் கிணற்றுக்குள்ளிருந்தும், மறு சமயம் போர்வைக்குள்ளிருந்தும் வந்தது. காற்றுப் போதவில்லை என்று முடிவு செய்து இன்னும் வேகமாக மிதித்தேன். (சுத்தியல், தந்தி, இத்தாலி எல்லாம் அப்போது எங்கே போயினவோ!) தொம் தொம் என்று அறையே அதிர்ந்தது. அவர் குனிந்து பியானோவின் அடியில் பார்த்தார்.

"கால்களுக்கு ஓய்வு கொடுக்கலாமே" என்று ஆங்கிலத்தில் மிக மரியாதையாகச் சொன்னார்.

காலைத் தூக்கிக்கொண்டேன். கால் நின்றதும் கையும் நின்றது. தடவித் தடவி ஒருவழியாகக் கடைசி வரிக்கு வந்தேன். எங்கள் சர்ச்சில் ஒவ்வொரு பாட்டின் முடிவிலும் 'ஆமென்' பாடுவோம். அதற்கு இரண்டு கைகளாலும் இரண்டு முறை அழுத்தி வாசிக்க வேண்டும். பாடம் முடிந்த நிம்மதியில் கை அதையும் வாசித்தது. வாய் பாடியும்விட்டது. நல்ல உரத்த குரலில்.

எழுதிக்கொண்டிருந்த பென்சில் நின்றது. பிறகு அந்தப் பெரியவர், "ஆமென்" என்றார்.

வெளியே வந்தபோது எல்லாக் குழந்தைகளும் என்னையே பார்த்தன. அந்தச் சிறுமி கூட அம்மாவின் பின்னால் ஒளிந்துகொண்டாள். மின்சார ரயிலில் இடம் இருந்தும் வாசல் பக்கம் பார்த்தபடி நின்றுகொண்டே வந்தேன்.

வீட்டில் என் மனைவி மெர்சி, "எப்படிப் போச்சு?" என்றாள்.

"ஆமென்னு சொன்னார்" என்றேன். சொல்லிவிட்டுச் சட்டையைக் கழற்றி மாட்டப் போனேன்.

"வெள்ளைக்காரர் ஆமென் சொன்னாரா? அப்ப பாஸ்தாங்க!"

பாடகர் குழுவில் இருந்த மெர்சி அதைப் போதகரிடம் சொல்ல, அவர் ஆவடிக்காரரை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். நான் வாயைத் திறக்கவில்லை. திறந்திருக்க வேண்டும்.

கிறிஸ்துமஸ் காலை. உட்காரவும் நிற்கவும் இடமில்லாத கூட்டம். ஆர்மோனியத்தின் முன் உட்கார்ந்தேன். இதுதான் எனக்குப் பழகிய பெட்டி, இதில் தவறு வராது என்று நம்பினேன். சபை எழுந்து நின்றது. முதல் வரியை வாசிக்கும்போது, யாரோ குனிந்து என் காலைப் பார்ப்பது போலத் தோன்றியது. உடனே காலைத் தூக்கிவிட்டேன்.

ஆர்மோனியம் நீளமாக ஒரு பெருமூச்சு விட்டு நின்றது. கை மட்டும் கட்டைகளின் மேல் டொக் டொக் என்று ஓடிக்கொண்டிருந்தது. பாட்டு அறுந்தது. போதகர் திரும்பினார். சபையே திரும்பியது.

அப்போது மெர்சி தனியாக அடுத்த வரியை எடுத்தாள். குரல் நடுங்கியது, ஆனாலும் விடவில்லை. குழு சேர்ந்துகொண்டது, பிறகு சபை. முதல் சரணம் முடியும்வரை நான் தலை நிமிரவில்லை. இரண்டாவது சரணத்தில்தான் காலுக்கு உயிர் வந்தது.

ஜனவரியில் பரீட்சை முடிவும் வந்தது. யாரும் கேட்கவில்லை.

அடுத்த கிறிஸ்துமஸுக்கு ஆவடிக்காரர் வந்தார். ஆனால் முதல் சரணத்தை மெர்சி வாத்தியமில்லாமலே எடுக்கட்டும், போன வருடம் உருக்கமாக இருந்தது என்று பலர் கேட்டுக்கொண்டார்கள். அதுவே நிலைத்துவிட்டது. பழைய மிஷனரிகள் ஏற்படுத்திய முறை என்று புதிதாகச் சேர்ந்தவர்கள் பேசிக்கொள்கிறார்கள்.

போன வருடம் சபை மலர் தயாரானபோது, இப்போதைய இளம் போதகர் வீட்டுக்கு வந்தார். "அண்ணே, சபை சரித்திரமெல்லாம் தேதியோட வெச்சிருக்கிறது நீங்கதான். இந்த முதல் சரண வழக்கம் எப்ப ஆரம்பிச்சதுன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க" என்றார்.

மெர்சி காப்பித் தம்ளரோடு கதவருகே நின்று என்னையே பார்த்தாள்.

'தொன்றுதொட்டு' என்று எழுதிக் கொடுத்தேன்.

இப்போதெல்லாம் குழம்பில் உப்புக் கூடிவிட்டால் நான் கேட்பதற்கு முன்பே மெர்சி சொல்லிவிடுகிறாள்: "தொன்றுதொட்டு இப்படித்தாங்க!"