புகைக்குழாய்க்கு மாலையிட்டவள்

வெட்கப்படுகிறவர்களைக் கூட்டத்துக்கு நடுவில் நிறுத்தவே கூடாது. நிறுத்தினால் அவர்களுக்கும் கஷ்டம், பக்கத்தில் இருப்பவர்களுக்கும் கஷ்டம்.

எனக்குக் கல்யாணமான புதிது. எங்கள் வீட்டுக்காரர் (பேரைக் கேட்காதீர்கள், இன்னும் சொன்னதில்லை) செட்டிகுளத்துப் பண்ணைக்காரர் ஒருவரிடம் டிராக்டர் கழுவித் துடைக்கிற வேலையில் இருந்தார். எப்போதாவது ஓட்டவும் கொடுப்பார்கள். அவர் உழுதால் எங்கள் அடுப்படியிலிருந்தே புகை தெரியும். கருப்பாகக் கிளம்பி, மேலே போகப் போக வெளுத்து, கடைசியில் வானத்தோடு வானமாகிவிடும். அதைப் பார்த்துப் பார்த்தே நான் தீய விட்ட குழம்புக்குக் கணக்கில்லை.

அந்த வருஷம் வற்றிய ஏரியில் டிராக்டர் போட்டி வைத்தார்கள். மரச்சட்டத்தில் கருங்கல்லை ஏற்றி, வண்டியோடு சங்கிலியால் கட்டி இழுக்க வேண்டும். இரண்டு பக்கமும் போட்ட சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டக் கூடாது. நன்றாக இழுத்தால் இவரையே டிரைவராக வைத்துக்கொள்வதாகப் பண்ணைக்காரர் சொல்லியிருந்தார். இல்லையென்றால் பம்பாய்க்குப் போவதென்று இவர் துணிமணி கட்டி வைத்துவிட்டார். நான் மட்டும் இங்கே கிடக்க வேண்டும்.

வண்டி கிளம்புமுன் ஓட்டுகிறவர் பெண்சாதி அதற்கு மாலை போட வேண்டுமாம். ஊரே பார்க்கிறது. நானாவது, நிமிர்வதாவது. குனிந்த தலையோடு போனேன். கண்ணை மூடி மாலையை வீசினேன். முகப்பில் விழ வேண்டிய சாமந்தி மாலை, நெட்டுக்குத்தலாக நின்ற புகைக்குழாயின் வாயில் போய்ச் சுருண்டு உட்கார்ந்துகொண்டது.

எடுத்துவிடலாம் என்று இவர் கை நீட்டினார். போட்ட மாலையைக் கழற்றினால் அபசகுனம் என்று பண்ணைக்காரர் தடுத்துவிட்டார்.

வண்டி முக்கியது. (கல்லு நகரணுமில்ல.) புகைக்கு வழியில்லாமல் ஒரு உறுமல் உறுமியது. பிறகு டப்பென்று கரும்புகை பீறிட்டது. அதோடு சாமந்தியும் கிளம்பியது. இதழ் இதழாக, மஞ்சள் மஞ்சளாக, கருப்புக்குள் சுழன்று சுழன்று மேலே போனது. எனக்குச் சத்தமெல்லாம் நின்றுவிட்டது. என் கல்யாணத்தில்கூட அவ்வளவு பூ தூவவில்லை. அண்ணாந்து பார்த்தபடி நின்றேன்.

இவருக்கோ கருகிய நாரின் புகை முழுக்க முகத்தில். கண் தெரியவில்லை. ஆனாலும் முடுக்கிய காலை எடுக்கவில்லை. பூ கீழே இறங்குமுன்பே வண்டி பக்கத்துக் கோட்டைத் தாண்டி, கல்லையும் இழுத்துக்கொண்டு, ஓரத்தில் இருந்த மோர்ப் பந்தலுக்குள் நுழைந்தது. உள்ளே இருந்தவர்கள், வேடிக்கை பார்த்தவர்கள் எல்லாரும் வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடினார்கள். பந்தலைத் தலையில் சுமந்துகொண்டு வண்டி மறுபக்கம் வெளியே வந்து நின்றது.

போட்டியில் சேர்த்தி இல்லை என்று சொல்லிவிட்டார்கள். பண்ணைக்காரர் விறுவிறுவென்று வந்தார். எனக்கு அங்கேயே பம்பாய் ரயில் கூவுவது கேட்டது.

"கொழாயில மாலையப் போட்டது யாருடா?"

இவர் முகமெல்லாம் கரி. பல்லு மட்டும் தெரிந்தது. "நான்தாங்க" என்றார்.

ஊரே பார்த்திருக்கிறது, கழற்ற விடாத பண்ணைக்காரரும்தான்; அப்படியும் இப்படி ஒரு பொய். பண்ணைக்காரர் கோட்டைப் பார்த்தார், கல்லைப் பார்த்தார். மற்ற வண்டிகள் பாதி தூரத்திலேயே திணறி நின்றவை.

"அம்மாந்தூரம் இழுத்துட்டியேடா. நாளையிலேர்ந்து நீயே ஓட்டு. ஆனா ஒண்ணு, அந்தப் புள்ளைய வண்டி கிட்ட வுடாத."

அதிலிருந்து ஆயுத பூசைக்குக்கூட நான் தள்ளித்தான் நிற்பேன்.

இப்போதும் எங்கள் வீட்டுக் கல்யாணங்களில் என் பேத்தி யாராவது மாலையைக் கையில் எடுத்ததும் என் கொழுந்தனார் குரல் கொடுப்பார்: "கழுத்து எதுன்னு பாத்துப் போடு தாயி. ஒங்க அம்மாயி மாரி போட்டுப்புடாத." பந்தலே சிரிக்கும். நான் முந்தானையால் முகத்தை மூடிக்கொள்வேன்.

அந்தப் பூ பறந்ததை மட்டும் யாரும் சொல்வதில்லை. அவர்கள் எல்லாம் ஓடிக்கொண்டிருந்தார்கள்.