இழுவை நானாவின் இடுப்புப் பட்டி

கட்டுகஸ்தோட்டைப் பாலம் இன்னும் நிற்கிறதென்றால், இழுவை நானா அதை ஒருமுறை இழுத்துப் பார்த்துச் சரி சொன்னதால்தான். மரம் அறுத்து விற்கும் எங்கள் மரக்காலையின் லொறிச் சாரதி அவர். இழுத்துப் பார்க்காமல் எதையும் நம்பமாட்டார். பிளேன்டீ கொடுத்தால் கோப்பையின் காதை இழுப்பார். நான் கிளாக்கராகச் சேர்ந்த அன்று என் மீசையை இழுத்தார்.

ஒருநாள் முதலாளி முதலுதவிப் பெட்டி வாங்கி வந்தார். வெட்டுக்காயத்துக்கு மேலே சுற்றி, தடியைத் திருகி, இரத்தத்தை நிறுத்தும் இறுக்குப் பட்டியும் அதில் இருந்தது.

"அச்சு அசல் ஒரிஜினல் மாதிரியே இருக்கு, பாருங்க. வெல பாதிதான்!"

"மாதிரியா?" நானாவுக்குக் கை அரித்தது. "கால நீட்டுங்க மொதலாளி."

சுற்றித் திருகினார். தடி படாரென்று முறிந்து சாமிப் படத்தடியில் போய் விழுந்தது. முதலாளி தொடையைப் பிடித்துக்கொண்டு குதித்தார்.

"உசுருக்குப் போராடுறவன்ட கால்ல இது முறிஞ்சீந்தா?"

"வாயக் கழுவுங்க நானா!" முதலாளி பெட்டியை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார்.

நானா விடுவாரா? கட்டார் ஆஸ்பத்திரியில் வேலை செய்யும் மருமகனிடம் சொல்லி ஒரிஜினல் பட்டியொன்றை வரவழைத்தார். பரீட்சை என் காலில் நடந்தது. அன்று மாலை பஸ்ஸுக்கு நொண்டிக்கொண்டுதான் போனேன்.

"பெட்டியில வைங்க நானா," என்றேன்.

"வெச்சா ஆராச்சும் மாத்திருவான். இது என்ட இடுப்ப உட்டு எறங்காது."

சாரத்தின் மேல் கட்டியிருந்த பச்சை பெல்ட்டைக் கழற்றிவிட்டு, அந்த ஈர்க்குச்சி இடுப்பில் பட்டியைக் கட்டிக்கொண்டார். மரக்காலையே சிரித்தது. அதிகம் சிரித்தவன் வாள்காரன் செல்வம். அவனுக்குத் தையில் கலியாணம்.

மார்கழியில் ஒரு காலை, பலகை எகிறி வாள் செல்வத்தின் தொடையைக் கிழித்துவிட்டது. இரத்தம் குபுகுபுவென்று பாய்ந்தது. முதலாளி அலுமாரிச் சாவியைத் தேடி ஓடினார். நான் கத்தியதைத் தவிர ஒன்றும் செய்யவில்லை. நானா இடுப்புப் பட்டியை உருவினார். சாரம் தரைக்குப் போனது. உள்ளே நீலக் கோடு போட்ட அரைக்காற்சட்டை.

"நானா, சாரம்!" என்றேன்.

"மானத்தப் பொறகு பாத்துக்கலாம், காலப் புடிடா!"

திருகினார், திருகினார். தடி முறியவில்லை. இரத்தம் நின்றது.

அதே கோலத்தில் லொறியைக் கண்டி ஆஸ்பத்திரிக்கு விரட்டினார். செல்வத்தை உள்ளே எடுத்துக்கொண்ட காவலாளி, நானாவின் காற்சட்டையைப் பார்த்து மறித்துவிட்டான். லொறியில் மரத்தை மூடும் படங்கைச் சுற்றிக்கொண்டு பின்னால் போனார் மனுசன். செல்வத்தின் உயிரும் தப்பியது, காலும் தப்பியது.

கலியாணம் ஆவணிக்குத் தள்ளிப்போனது. மணவறைக்குச் செல்வம் தன் காலாலேயே நடந்து வந்தான். ஐயர் தாலிக்கொடியை எடுக்கும்போது நானா முன்வரிசைக் கதிரையை விட்டு எழும்பினார்.

"ஐயா, கோவிக்க வாணாம். ஒரேயொரு இழுவ."

மண்டபம் கொல்லென்று சிரித்தது.

"குடுங்க ஐயா," என்றான் செல்வம். "அவரு இழுத்துப் பாத்தாத்தான் எனக்கு நம்பிக்கை."

நானா கொடியைப் பூப்போல இழுத்தார். பார்வை முழுக்க மாப்பிள்ளையின் காலில் இருந்தது. "ஒரிஜினல்தான்," என்றார். அந்த மனுசனை எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்பது அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது.