மோகினியின் மூன்றாவது கால்

லோயர் கேம்ப்பில் இரண்டு கூட்டம் நிற்கும். மலையிலிருந்து குழாயில் இறங்குகிற தண்ணீரை வேடிக்கை பார்க்க ஒரு கூட்டம். சவுண்டு சித்தரைத் தரிசிக்க ஒரு கூட்டம். தண்ணீராவது கரண்டு கொடுக்கிறது. சித்தர் என்ன கொடுக்கிறார் என்று கேட்டால் அடிக்க வருவார்கள்.

வெள்ளிக்கிழமை பார்க்க வேண்டும். கம்பம், சின்னமனூர், போடி, தேனி என்று பள்ளத்தாக்கிலே உள்ள பாட்டுக் கச்சேரிக் குழுவெல்லாம் கால்வாய்க் கரைத் தகரக் கொட்டகை முன்னால் வந்து இறங்கும். குட்டியானை வண்டி நிறைய ஸ்பீக்கர், மடியில் கீபோர்டு, கையில் எலுமிச்சம்பழம். பாடுகிறவனுக்குத் தொண்டை கட்டினால் விபூதி. மைக் கீச்சிட்டால் வேப்பிலை. ஆனால் சித்தர் பெயர் வாங்கியது பேஸ் கித்தாரில்தான். கனத்த சத்தத்தில்தான் கனத்த ஆவி குடியிருக்கும் என்று உலகத்திலேயே முதன்முதலாகக் கண்டுபிடித்தவர் அவர். மேஷ ராசிக்காரன் நாலு கம்பிக் கித்தார்தான் வாங்கலாம், விருச்சிகத்துக்கு அஞ்சு கம்பி, கன்னி ராசிக்காரன் உள்ளே பேட்டரி போட்ட கித்தாரைத் தொடவே கூடாது என்பார். ஏன் என்று ஒருத்தன் கேட்டதில்லை. கடையில் ஒரு கம்பிக்கட்டு வாங்க அரை நாள் வழக்காடுகிறவன், இங்கே வந்தால் வாயில் துண்டை வைத்துப் பொத்திக்கொண்டு நிற்பான்.

சித்தர் மலைக்கு மேலே மாநில எல்லைக்கு அந்தப் பக்கம் பல வருசம் தவம் செய்துவிட்டு வந்தவர் என்று பேச்சு. அந்தப் பக்கம் அவர் ஒரு மைக் செட் கடையில் இருந்தார். மரத்தில் ஏறிக் குழாய் ஸ்பீக்கர் கட்டுவதற்குத் தவம் என்று பெயர் வைத்தால், தவம்தான்.

சின்னமனூர் வைகுண்டராஜ் இவரிடம் வந்து விழுந்தது அவன் கித்தாரால்.

வைகுண்டராஜுக்குப் பகலில் டயர் பட்டறை வேலை. சாயங்காலமானால் சுந்தரலிங்கத்தின் கச்சேரிக் குழுவில் பேஸ் கித்தார். நாலு கம்பியா அஞ்சு கம்பியா என்று ஒரு வருசம் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு, கடைசியில் மதுரைக்குப் போய்ப் பழைய நாலு கம்பிக் கித்தார் ஒன்றைப் பிள்ளையைத் தூக்கி வருவது மாதிரி மடியில் வைத்துப் பஸ்ஸில் கொண்டுவந்தான். கழுத்து தேய்ந்து வழுவழுவென்று இருக்கும். தட்டினால் நெஞ்சுக்குள் அதிரும். கல்யாண வீடுகளில் அவனைத் தேடி வந்து ஒரே ஒரு கேள்விதான் கேட்பார்கள். மற்றவன் கித்தாரில் ஆறு கம்பி இருக்கிறதே தம்பி, உன்னுடையதில் இரண்டு அறுந்துபோச்சா? அவன் சிரித்துவிட்டு வாசிப்பான். பேஸ் வாசிக்கிறவனை யாருக்கும் தெரியாது. அவன் நிறுத்தினால் மட்டும் பாட்டில் என்னவோ குறைகிறது என்று தெரியும். அதற்கும் கீபோர்டுக்காரனைத்தான் திட்டுவார்கள்.

ஒரு நாள் கோம்பையில் கல்யாணம். பாட்டு முடிந்து, வியர்வையைத் துடைக்கக் கம்பியிலிருந்து கையை எடுத்தான். கித்தார் சத்தத்தைப் பெருக்குகிற ஆம்ப் பெட்டிக்குள்ளிருந்து ம்ம்ம்ம் என்று ஓர் உறுமல். கையை வைத்தான், அடங்கிற்று. எடுத்தான், உறுமிற்று. அடுத்த பாட்டில் கூடப் பாட வேண்டிய இடம் வந்தது. மைக்கில் வாயை வைத்தான். உதட்டில் சுருக்கென்று ஒரு கடி.

சுந்தரலிங்கம் ஓடிவந்து, "ஏலே, ஒன் கித்தாருக்குள்ள பொம்பளக் குரல் கேக்குதுடா" என்றார். அவ்வளவுதான். குழு முழுக்கக் கேட்டுவிட்டது. டிரம்ஸ்காரனுக்குக் கொலுசுச் சத்தமே கேட்டது.

சித்தர் கண்ணை மூடிக் கித்தாரை மோந்து பார்த்தார். மேகமலை ஏலத்தோட்டத்தில் கல்யாணமாகாமல் செத்த பெண், பாட்டுப் பைத்தியம், மோகினியாகி நாலு கம்பியில் தொங்குகிறாள் என்றார். செத்தவளுக்கு அஞ்சு கம்பிக் கித்தார் ஏன் பிடிக்கவில்லை என்பதை அவர் சொல்லவில்லை. ஒரு செம்புக் காப்பை வைகுண்டராஜின் கையில் மாட்டி, அதிலிருந்து செம்புச் சங்கிலி ஒன்றை இழுத்துக் கித்தாரின் இரும்புத் தகட்டோடு கட்டிவிட்டார்.

அதிசயம் பாருங்கள், உறுமல் நின்றது. கையை எடுத்தாலும் உறுமவில்லை. சித்தர் புகழ் போடிமெட்டைத் தாண்டியது. ஆனால் மைக் பக்கம் போனால் கடி முன்னைவிடப் பலமாக விழுந்தது. இது என்ன சாமி என்று கேட்டதற்கு, மோகினி உன்னோடு நெருங்கிவிட்டாள், இதெல்லாம் முத்தம் என்றார். இனிமேல் ஒரே வழிதான். வருகிற வெள்ளிக்கிழமை ஒரு கறுப்புக் கிடாயும் அந்தக் கித்தாரும் கொண்டுவந்து கொடுத்துவிட வேண்டும். கிடாயை வெட்டிவிட்டு, கித்தாரை யாருக்கும் தெரியாத ஆழத்தில் ஜலசமாதி செய்துவிடுவார். போடி கிங்ஸ்லியின் கித்தார் போன மாதம் அப்படித்தான் போயிற்று. கிங்ஸ்லி சர்ச்சில் வாசிக்கிறவன். போதகருக்குத் தெரியாமல் வந்து கொடுத்துவிட்டுப் போனான். மூட நம்பிக்கைக்கு மதம் தடையில்லை. அந்த ஒரு விசயத்தில் மட்டும் நம் ஜனங்களிடம் நல்ல ஒற்றுமை.

வைகுண்டராஜுக்கு மனசு வரவில்லை. ஆனால் சுந்தரலிங்கம் முடிவாகச் சொல்லிவிட்டார். பேய்க் கித்தாரோடு வீரபாண்டித் திருவிழா மேடையில் கால் வைக்கக் கூடாது. ஜலசமாதி செய்தால் குழுவில் இடம் உண்டு, வேறு கித்தார் தேடிக்கொள்ளலாம். இல்லையென்றால், "கீபோர்டுக்காரனுக்கு எடது கை சும்மாதாண்டா கெடக்கு, அவன் பாத்துக்கிருவான்" என்றார். ஒரு பேஸ்காரனை இதைவிடக் கேவலப்படுத்த முடியாது.

வீட்டில் வைகுண்டராஜ் சோற்றைப் பிசைந்துகொண்டே தனக்குள் முனகிக்கொண்டிருந்தான். அவன் பெண்டாட்டி வேல்விழிக்கு முத்தம் என்ற சொல் மட்டும் காதில் விழுந்துவிட்டது.

"யாரு அவ?" என்றாள்.

சொன்னான். அவள் சிரிக்கவில்லை. எந்த இடத்தில், எப்போது, எப்படி என்று போலீஸ் மாதிரி விசாரித்தாள். கித்தார் கையில் இருந்து, வாயும் மைக்கில் பட்டால்தான் கடிக்கிறது என்று கேட்டதும் அவள் முகம் மாறியது.

"போன வருசம் நம்ம கிரைண்டர் என்னைய இப்படித்தான கடிச்சிச்சு. மாவத் தள்ளக் கைய வச்சா சுருக்குன்னுச்சே. அது எந்த ஊரு மோகினி?"

"இந்தா புள்ள, கலையையும் கிரைண்டரையும் ஒண்ணாக்காத" என்றான் வைகுண்டராஜ். அவனுக்கு ரோசம்.

 வெள்ளிக்கிழமை கிடாயைத் தானே பிடித்துக்கொண்டு வண்டியில் ஏறினாள்.

கொட்டகையில் எள் போட இடமில்லை. சித்தர் முன்னால் அவருடைய பெரிய ஸ்பீக்கர்கள் இரண்டு, ஒரு முணுமுணுப்பு இல்லாமல் சுத்தமாகப் பேசிக்கொண்டிருந்தன. பக்கத்தில் வைகுண்டராஜின் ஆம்ப்பை வைத்து, சங்கிலியை அவிழ்த்துவிட்டு, கித்தாரை மணையில் கிடத்தி, சுவிட்சைப் போட்டார்கள். ம்ம்ம்ம். கூட்டம் பின்னால் நகர்ந்தது. சித்தர் மந்திரம் சொல்லிக் கம்பியில் கையை வைத்தார். நிசப்தம். எடுத்தார். ம்ம்ம்ம். கன்னத்தில் போட்டுக்கொள்ளாதவன் பாவி.

வைகுண்டராஜ் அந்தத் தேய்ந்த கழுத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். கண் கலங்கிவிட்டது.

"நாங்க தொட்டாலும் அடங்குமா சாமி?" என்று கேட்டாள் வேல்விழி.

தீட்சை வாங்காதவர் தொட்டால் ரத்தம் கக்குவார்கள் என்றார் சித்தர். முன்வரிசையில் இருந்தவர்கள் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்கள்.

கிடாய்க்குத் தண்ணீர் ஊற்றினார்கள். தலையில் தண்ணீர் பட்டதும் ஆடு உடம்பைச் சிலுப்பினால் சாமி சம்மதித்துவிட்டது என்று அர்த்தம், அப்புறம் வெட்டலாம். இந்தக் கிடாய் சிலுப்பவில்லை. ஒரு குடம் ஊற்றினார்கள். தோய்ந்து சொட்டச் சொட்ட நின்றுகொண்டு எல்லோரையும் வெறித்துப் பார்த்தது. வேல்விழி கயிற்றைப் பிடித்து விறுவிறுவென்று மணைக்கு இழுத்துவந்தாள். என்ன ஏது என்று சித்தர் யோசிப்பதற்குள் அதன் ஈர மூஞ்சியைக் கம்பியில் வைத்து அழுத்தினாள்.

உறுமல் கப்பென்று அடங்கியது. ஆட்டுக்குச் சுருக்கென்று ஏறியிருக்க வேண்டும். தலையிலிருந்து வால் வரைக்கும் ஒரு சிலுப்புச் சிலுப்பியது.

"சிலுப்பிருச்சு" என்று கூட்டம் குலவையிட்டது.

வேல்விழி தலையில் அடித்துக்கொண்டாள். "ஆடு ரத்தம் கக்கிச்சா? அதுக்கு யாரு தீட்சை குடுத்தது? எந்த மந்திரம் சொல்லிச்சு?"

சித்தர் லேசுப்பட்டவரா? இது சாதாரண ஆடு இல்லை, முன்பிறவியில் முனிவர் என்றார். பாதிப் பேர் ஆட்டைக் கும்பிட்டார்கள். மீதிப் பேர் ஆட்டின் காலில் விழுவதற்கு இடம் தேடினார்கள்.

வேல்விழி அவர்களை விட்டுவிட்டாள். குனிந்து வைகுண்டராஜின் ஆம்ப் ஒயரைப் பிளக்கோடு பிடுங்கித் தூக்கிக் காட்டினாள்.

"இதுக்கு எத்தன காலு?"

"ரெண்டு" என்றான் வைகுண்டராஜ்.

"வாங்குனப்ப?"

அவன் தலையைச் சொறிந்தான். கோம்பைக் கல்யாண மண்டபத்தில் பிளக் பெட்டிக்கு இரண்டே ஓட்டை. மூன்று கால் பிளக் ஏறவில்லை. அவசரத்தில் தடித்த காலைக் கட்டிங் பிளேயரால் ஒடித்துத் தூர எறிந்துவிட்டான். நம் ஊரில் யார்தான் ஒடிக்கவில்லை?

"அந்தத் தடிச்ச காலுதான் எர்த்து. கிரைண்டரப் பாக்க வந்த வயர்மேன் என்னைய வஞ்சுட்டுப் போனாரு. எர்த்து இல்லாட்டி உள்ள கசியிற கரண்டு நம்ம ஒடம்பு வழியாத்தான் எறங்குமாம். பேய்க்குக் கால் கெடையாதும்பாக. இங்கன பிளக்குக்குத்தான் கால் இல்ல."

சொல்லிக்கொண்டே சித்தரின் ஸ்பீக்கர் பின்னால் கையை விட்டு அவருடைய ஒயரை உருவினாள். சித்தர் பாய்ந்தார். அதற்குள் பிளக்கை உயர்த்திக் காட்டிவிட்டாள். பித்தளையில் பளபளவென்று மூன்று கால். தடித்த கால் நடுநாயகமாக இருந்தது. பிளக்கைப் பழைய இடத்திலேயே மாட்டி, ஒயரின் மறுமுனையைக் கித்தார் ஆம்ப்பில் சொருகிச் சுவிட்சைப் போட்டாள்.

யாரும் கம்பியைத் தொடவில்லை. சித்தர் தொடவில்லை, ஆடும் தொடவில்லை. ஆம்ப் வாயைத் திறக்கவில்லை. கொட்டகைக்கு வெளியே கால்வாய்த் தண்ணீர் ஓடுவது கேட்டது.

"ஒங்க பெட்டிக்கு மட்டும் மூணு காலு வச்சிருக்கீகளே சாமி. மத்தவன் பெட்டிக்கு மட்டும் மோகினியா? எம் புருசன் கையில செம்புச் சங்கிலியக் கட்டி விட்டீகளே. ஒரு நா கசியிற கரண்டு முழுசாப் பாஞ்சிருந்தா அவரு கைய ஒதறக்கூட முடிஞ்சிருக்காது. நீங்க அதுக்கும் ஒரு மோகினி கத சொல்லியிருப்பீக."

கூட்டத்தில் ஓரமாக நின்ற போடி கிங்ஸ்லிக்கு அப்போதுதான் புத்தி ஓடியது. கொட்டகையின் பின்கட்டுக் கதவை ஓர் உதை விட்டான். உள்ளே ஜலசமாதி அடைந்த கித்தார்கள் எட்டோ பத்தோ, ஒரு சொட்டு ஈரம் இல்லாமல், துணி சுற்றி, எல்லைக்கு அந்தப் பக்கம் கட்டப்பனை வியாபாரிக்குப் போகத் தயாராகச் சாய்ந்திருந்தன. கிங்ஸ்லி தன்னுடையதை எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, கர்த்தரையும் சித்தரின் குலத்தையும் ஒரே மூச்சில் கூப்பிட்டான். திரும்பிப் பார்த்தால் சித்தரைக் காணோம். குமுளி மலைப்பாதையில் காவி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறுவதைப் பார்த்ததாகப் பிறகு சொன்னார்கள். மறுபடியும் தவம்.

வீரபாண்டித் திருவிழாவில் வைகுண்டராஜ் அதே கித்தாரை வாசித்தான். கீபோர்டுக்காரனின் இடது கை சும்மாவே கிடந்தது.

இதோடு முடிந்தது என்று நினைத்தால் நம் ஜனங்களை உங்களுக்குத் தெரியாது. அடுத்த செவ்வாய்க்கிழமை வேல்விழி வாசலைத் திறந்தால் தெரு முனை வரைக்கும் வரிசை. ஒருத்தன் தலையில் ஆம்ப், ஒருத்தி இடுப்பில் மிக்சி, இன்னொருத்தன் தோளில் தண்ணீர் மோட்டார். எல்லாம் ரெண்டு கால் பிளக். வேம்பில் கட்டியிருந்த கிடாய்க்கு மாலை போட்டு, மஞ்சள் தண்ணீர் தெளித்துக் கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டு நின்றார்கள். ஆட்டுச்சாமி ஒரு தடவை மூஞ்சியை வைத்தால் போதுமாம்.

கிடாய் இந்தத் தடவை சிலுப்பியது. உத்தரவு கிடைத்துவிட்டது என்று வரிசை முழுவதும் தலையை ஆட்டியது.

வேல்விழி நடைப்படியில் நின்று பார்த்தாள்.

"தண்ணி தெளிச்சாச் சிலுப்புறது ஆட்டுக்கு ஒடம்பு வாகு. அதுக்கப்புறம் அத என்ன செய்வாகன்னு ஒங்களுக்கே தெரியும். ஒங்க தலையில எவன் தண்ணி தெளிச்சாலும் சிலுப்புறீகளே, மனுசத் தலையத்தான வச்சிருக்கீக? வீட்டுக்குப் போயி அத ஒரு நாளாச்சும் ஆட்டாம வச்சு யோசிச்சுப் பாருங்க."