அந்தத் தீவில் மாப்பிள்ளைதான் வீடு கட்டுகிறான்

நிந்தவூர்,
17.07.1954

கண்ணியத்துக்குரிய மச்சான் சீனிமுகம்மது அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே நானும் உங்கள் தங்கை றாஹிலாவும் மகள் சுல்பிகாவும் சுகம். கொழும்பில் நீங்களும் பிள்ளைகளும் அவ்வாறே இருக்க துஆச் செய்கிறோம். சுகம் என்று எழுதியது முறைக்காகத்தான். உண்மையில் உங்கள் தங்கை வியாழக்கிழமையிலிருந்து என்னோடு கதைப்பதில்லை. உங்கள் மருமகளின் கலியாணம் இப்போது ஒரு படத்தில் தொங்கிக்கொண்டிருக்கிறது. அதை விபரமாக எழுதுகிறேன், பொறுமையாக வாசியுங்கள்.

நம் ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரியும். பெண்ணைப் பெற்றவன் வீடு கட்டிக் கொடுக்க வேண்டும், மாப்பிள்ளை அதில் வந்து குடியிருப்பார். நானும் சுல்பிகாவுக்கென்று எங்கள் வீட்டு வளவின் வடக்கில் ஒரு வீட்டைத் தொடங்கினேன். போன மாரி வெள்ளம் சூளையில் சுடுவதற்கு அடுக்கியிருந்த கல்லையெல்லாம் திரும்பவும் மண்ணாக்கிவிட்டதால் சுவர் ஜன்னல் மட்டத்தோடு நிற்கிறது. மாப்பிள்ளை மக்கீன் தங்கமான பிள்ளை. அவருடைய வாப்பா, நிறைய வயல் வைத்திருக்கும் கச்சிமுகம்மது போடியாரும் நல்ல மனிதர்தான். ஆனால் ஒவ்வொரு வெள்ளியும் ஜும்ஆ முடிந்து போகும்போது வேலிக்கு மேலால் அந்தச் சுவரை ஒரு பார்வை பார்ப்பார். "கூரை ஏறட்டும், நாள் வைப்பம்" என்று மட்டும் சொல்வார்.

இந்த நிலையில்தான் அரசாங்கப் படவண்டி வந்து சேர்ந்தது. பல தேசத்து மக்களின் வாழ்க்கையையும் சரித்திரத்தையும் காட்டும் அறிவுப் படங்கள், எல்லோரும் வரலாம் என்று பகல் முழுவதும் பறை அறைந்தார்கள். மஃரிப் தொழுகைக்குப் பிறகு, இருட்டியதும், சந்தை வளவில் இரண்டு தென்னைகளுக்கு நடுவே வெள்ளைத் துணி கட்டினார்கள். ஆண்கள் துணிக்கு இந்தப் பக்கம், பெண்கள் அந்தப் பக்கம். படத்தில் வரும் பேச்சு இங்கிலீசு, வண்டியோடு வந்த உத்தியோகத்தருக்கோ தமிழ் வராது. முப்பது வருஷம் தபால் கந்தோரில் தந்தி அடித்தவன் என்று ஊரே என்னைப் பிடித்து முன்னால் தள்ளியது, மைக் என் கைக்கு வந்துவிட்டது. மச்சான், நான் சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்தேன். கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. இதை நீங்களாவது நம்ப வேண்டும்.

முதற்படம் கடலை அணை கட்டித் தடுத்து அதற்குள்ளே விவசாயம் செய்கிற ஒரு தேசத்தைப் பற்றியது. சனம் வாயைப் பிளந்து பார்த்தது. வயல்காரக் கலந்தர் காக்கா மட்டும் எழுந்து, "அவங்கட வயலுக்குத் தண்ணி பங்கிடுற வட்டவிதானை ஆரெண்டு கேளுங்க போஸ்மாஸ்டர்!" என்று சத்தம் போட்டார். இரண்டாவது, பனிக்கட்டியால் வீடு கட்டுகிறவர்கள். நம் சனம் தோளில் கிடந்த சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டது. உலகத்தில் அல்லாஹ் எத்தனை விதமான மனிதர்களைப் படைத்திருக்கிறான் என்று எனக்கே மனம் நெகிழ்ந்துபோயிற்று. அந்த நெகிழ்ச்சியில்தான் மூன்றாவது படத்துக்குள் கால் வைத்தேன்.

அது ஏதோ தூரத்துத் தீவு. ஒரு வாலிபன் மூங்கில் வெட்டுகிறான், கால் நடுகிறான், ஓலை வேய்கிறான். ஒரு பெண்பிள்ளை தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டுச் சிரிக்கிறாள். நான் உள்ளதைச் சொன்னேன்: "இந்தத் தீவிலே கலியாணத்துக்கு முன்னம் மாப்பிள்ளைதான் வீடு கட்ட வேண்டும். பெண்ணின் தகப்பனுக்கு ஒரு வேலையும் இல்லை."

உடனே பின்னாலிருந்து ஒரு குரல், "செவரு ஜன்னலோட நிக்கிது, போஸ்மாஸ்டர் தீவுக்குப் போயிட்டாரு!" சந்தை வளவே சிரித்தது. கச்சிமுகம்மது போடியார் எழும்பிவிட்டார்.

"போஸ்மாஸ்டர், இது படத்தில இரிக்கா, இல்லாட்டி ஒங்கட வவுத்தில இரிந்து வாறதா?"

"படத்திலதான் போடியார்."

"ஊடு குடுக்க ஏலாட்டி என்னோட நேர கதைச்சிரிக்கலாமே! ஊரக் கூட்டி மைக்கில சொல்லணுமா? எழும்புடா மக்கீன்!"

மக்கீன் எழும்பவில்லை. படத்தையே பார்த்துக்கொண்டிருந்தவரைக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்.

மறுநாள் இன்னொரு கரைச்சல். துணிக்குப் பின்பக்கமிருந்து பார்த்த பெண்களுக்கு வலது இடதாகத் தெரிந்திருக்கிறது. தீவார் சோறு உண்ட கட்டத்தைப் பார்த்துவிட்டு மாப்பிள்ளையின் உம்மா அஸீஸா, "இடக்கையால தின்ற சனத்திட வழக்கத்தக் காட்டியா எங்கட புள்ளய ஊடு கட்டச் சொல்றாரு?" என்று தெருவெல்லாம் கேட்டாராம். பின்பக்கமிருந்து பார்த்தால் எல்லாம் மாறித்தான் தெரியும் என்று உங்கள் தங்கைக்கு விளங்கப்படுத்தினேன். "நீங்க முன்பக்கம் நிண்டும் மாறித்தானே சொல்லியிரிக்கீங்க" என்றார். அதற்குப் பிறகு ஒரு சொல்லும் இல்லை.

சுல்பிகா என்னைக் குறை சொல்லவில்லை. சோற்றை வைத்துவிட்டு முகத்தைக் காட்டாமல் அடுப்படிக்குப் போய்விடுகிறாள். ஏசினால்கூடத் தாங்குவேன் மச்சான், இதுதான் தாங்க முடியவில்லை. பெற்ற பிள்ளையின் வாழ்க்கையை மைக்கில் கெடுத்தவன் நானாகத்தான் இருப்பேன்.

ஆகையால் நீங்கள் இந்தக் கடிதம் கண்டதும் படவண்டி அனுப்பிய கந்தோருக்குப் போய், அந்தத் தீவில் மாப்பிள்ளைதான் வீடு கட்டுகிறான், அச்சிமுகம்மது சொன்னது சரி என்று ஒரு கடிதம் வாங்கி அனுப்ப வேண்டும். முத்திரை பெரிதாக இருக்கட்டும். போடியார் எழுத்தை நம்பாவிட்டாலும் முத்திரையை நம்புவார்.

உங்கள் வீட்டாருக்கு எங்கள் ஸலாம். பிள்ளைகளின் ஆயுளையும் படிப்பையும் அல்லாஹ் பரக்கத்தாக்கி வைப்பானாக.

இப்படிக்கு, மனம் நொந்த மச்சான்,
அச்சிமுகம்மது

பி.கு.: செவ்வாய்க்கிழமை. தபாற்காரனாக இருந்தவன் வீட்டில் முத்திரை இல்லாததால் கடிதம் போகவில்லை. அதுவும் நல்லதாயிற்று. நேற்றுக் காலை மக்கீன் ஒரு வண்டிக் கல்லோடும் சாந்துச் சட்டியோடும் வளவுக்குள் வந்தார். "மாமா, படத்தில அந்தப் பொடியன் தனியா நிண்டு கட்டினான். நான் மட்டும் ஏன் கையக் கட்டிட்டு நிக்கணும்?" என்று சுவரில் ஏறிவிட்டார். மகனைப் பிடித்துப் போக வந்த போடியார், அவர் வைத்த கல் கோணலாக நிற்பதைக் கண்டு பொறுக்காமல், சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு தானே வைக்கத் தொடங்கினார். இன்று சுவர் ஜன்னலைத் தாண்டிவிட்டது. வயலில் வேளாண்மை வெட்டு முடிந்ததும் கலியாணம். சுல்பிகா தேத்தண்ணீர் கொண்டுவந்தபோது சிரித்தாள். உங்கள் தங்கையும் கதைக்கிறார், நிறையவே கதைக்கிறார்.

ஆகவே கந்தோர்ப் பக்கம் தலைவைத்தும் படுக்காதீர்கள். தந்தியில் வருகிற இங்கிலீசுதான் எனக்குத் தெரியும். மரணம், பிறப்பு, புறப்பட்டு வா. அந்தப் படத்தில் இவற்றில் ஒன்றுமே வரவில்லை. நீங்கள் கெட்டிக்காரர், எப்படியும் என் பக்கமாக ஒன்று எழுதி வாங்கிவிடுவீர்கள் என்ற நம்பிக்கையில்தான் மேலே அப்படி எழுதினேன். போடியார் மகனை இழுத்துக்கொண்டு போனபோது ஆணும் பெண்ணும் அவர்களைத்தான் பார்த்தார்கள், திரையைப் பார்த்தவன் நான் ஒருவன்தான். அந்த வாலிபன் கட்டி முடித்து, கதவைத் திறந்து, உள்ளே இரண்டு எருமைகளைக் கட்டினான்.