இல்லாத குதிரைக்கு இரங்கல்

குதிரையைச் சாகடித்தது எவ்வளவு பெரிய மடத்தனம் என்று, அதன் படம் கறுப்புக் கட்டத்துக்குள் மேடைத் திரையில் தெரிந்தபோதுதான் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரருக்கு உறைத்தது.

உண்மையில் அவரிடம் குதிரையே இல்லை. கழுதைகூடக் கிடையாது. மனைவி போய்ச் சேர்ந்தபிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவரைப் பல் டாக்டரும் லாரி முதலாளியும்தான் தங்கள் குதிரைப் பிரியர் சங்கத்துக்கு இழுத்துப் போனார்கள். அங்கே ஆளாளுக்குத் தங்கள் குதிரையின் பெருமையை அளக்க, இவர் வாய் சும்மா இருக்குமா?

"நம்மகிட்டயும் ஒண்ணு இருக்கு. அண்ணன் தோட்டத்துல நிக்குது" என்று விட்டார்.

"அப்போ பார்த்துட்டு வந்துடலாம்" என்று இருவரும் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்ப, வேறு வழி தெரியாமல் போன வாரம் அதைச் சாகடித்துவிட்டார்.

இப்போது சங்கத்தின் வார இறுதி மாநாட்டில் அதற்கு அஞ்சலி. அந்த இரண்டு பேரை விட்டால் அவருக்கு நாதி கிடையாது. புளுகு வெளுத்தால் மறுபடியும் சுவர்தான் கதி.

படம் வேண்டும் என்று நச்சரித்தார்களே என்று, ஏதோ பழைய விளம்பரத்தாளில் இருந்ததைக் கொடுத்திருந்தார். மௌனம் முடிவதற்குள் முன்வரிசையில் ஓர் அம்மாள் எழுந்துவிட்டார்.

"அது என் குதிரை! பின்னாடிதான் கட்டியிருக்கேன், குத்துக்கல்லாட்டம் நிக்குது!"

லாரி முதலாளி மைக்கை இவர் கையில் திணித்தார். "நீயே சொல்லுடா."

"இது... அதோட கூடப் பொறந்ததுங்க."

"அதோட தாய் ஒரே குட்டிதான் போட்டுச்சு!"

"அப்பா வழியிலங்க..."

கூட்டம் சிரித்தது. ஒரு நல்ல குதிரைக் குடும்பத்தின் மானம் கப்பலேறியது. குதிரை வைத்தியர் மேடைக்கே வந்துவிட்டார்.

"எதுல செத்துச்சு?"

"இருமல்" என்றார், வாயில் வந்தது அதுதான்.

"ஐயையோ, தொத்து நோயா இருக்கும்! காலைல இங்க எந்தெந்தக் குதிரையைத் தொட்டீங்க?"

பாதிப் பேர் தங்கள் குதிரைகளைக் காப்பாற்ற வாசலுக்குப் பாய்ந்தார்கள். ஒரு நாற்காலி உடைந்தது. வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதைதான்.

"ஒண்ணையும் தொடலைங்க! தொத்து நோயெல்லாம் இல்ல! நுரையீரல்ல தண்ணி!"

"அப்படியா? என்ன பண்ணுச்சு?"

உலகத்தில் அந்த ஒரு வியாதிதான் அவருக்கு அத்துப்படி. மளமளவென்று சொன்னார்.

"படுத்தா மூச்சு முட்டும். முதுகுக்குத் தலகாணி வெச்சு உட்கார வைப்பேன்."

"தலகாணியா?" என்றார் வைத்தியர்.

"கஞ்சியக்கூட நான்தான் ஊட்டணும். கடைசி நாள், 'இன்னிக்கு ஒரு நாள் கடைக்குப் போகாதீங்க'ன்னா. ஒருத்தர் கண்ணாடி அவசரம்னு வந்து உட்கார்ந்திருந்தாரு. லென்ஸ் வெட்டிக் குடுத்துட்டு ஓடி வந்துடறேன்னு போனேன். வந்து பார்த்தா..."

அதற்கு மேல் வரவில்லை. மைக்கைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். வாசலுக்குப் போனவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். குதிரை எப்படிப் பேசியது என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

தன் காதிலேயே தன் அழுகை விழுந்ததும் பதறிப்போய், மேடையின் பின்கதவு வழியாக ஓடினார். குதிரைகள் கட்டியிருந்த கொட்டகையில் பராமரிப்பாளர் ஒரு குதிரைக்கு முதுகு தேய்த்துக்கொண்டிருந்தார். இவர் வைக்கோல் கட்டின்மேல் பொத்தென்று உட்கார்ந்தார்.

"எல்லாம் போச்சுப்பா. மேடையில உளறிக் கொட்டிட்டேன். என் கூட்டாளிங்க ரெண்டு பேரும் இனிமே என் மூஞ்சியில முழிப்பாங்களா? எனக்குக் குதிரையே இல்லப்பா!"

பராமரிப்பாளர் தேய்ப்பதை நிறுத்தாமலேயே சொன்னார்:

"அது அவங்களுக்கு எப்பவோ தெரியும் சார். காலைல இங்க நின்னுதான் பேசிக்கிட்டாங்க, 'பொண்டாட்டி போனதுக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் விடல பாவி, குதிரைய சாக்கா வெச்சாவது அழட்டும், மைக்க அவன் கையில குடுத்துடு'ன்னு."