சேலத்தாரின் வேண்டுதல்

உலகத்தில் எல்லோரும் நன்றாக இருக்க வேண்டும் என்பதற்காகத் தன் பிழைப்பில் தானே தினமும் மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்ட மனிதர், எனக்குத் தெரிந்து சேலத்தார் ஒருவர்தான். கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் நான் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். கடைக்கு எதிரே நின்று தனியார் பஸ்ஸுக்கு ஆள் கூப்பிடுவது அவர் வேலை. சின்னசேலம், தலைவாசல், ஆத்தூர், வாழப்பாடி, சேலம் என்று நாளெல்லாம் கத்திக் கத்திப் பேரே சேலத்தார் என்று ஆகிவிட்டது. சேலத்தை அவர் கண்ணால் பார்த்தது கிடையாது.

கல்வராயன் மலையில் யாரோ ஒரு சாமியார் அவருக்குத் தியானம் சொல்லிக் கொடுத்திருக்கிறார். அதோடு விட்டாரா? உட்கார்ந்து எழும்போது கிடைக்கிற நிம்மதியை நீயே வைத்துக்கொள்ளாதே, எல்லா ஜனங்களுக்கும் கொடுத்துவிடு என்றும் சொல்லி அனுப்பிவிட்டார். எல்லா ஜனங்களும் என்றால் யார் யார்? சேலத்தாருக்குத் தெரிந்த உலகம் பஸ் போகிற உலகம். நாலு மணி வண்டியை அனுப்பிவிட்டு என் கடைப்படியில் கண்ணை மூடி உட்காருவார். பத்து நிமிஷம் கழித்து, ரூட் ரூட்டாக ஒவ்வொரு ஊர்ப் பேரையும் சொல்லி, "நல்லா இருக்கணும்" என்பார். உளுந்தூர்பேட்டை பக்கம் களமருதூரைக்கூட விடமாட்டார்.

ஒருநாள் ஒரு குடும்பமே மூட்டை முடிச்சோடு அவர் முன்னால் வந்து நின்றது. ஆத்தூர் என்று காதில் விழுந்தால் நிற்கத்தானே செய்வார்கள்? கால் மணி நேரம் பொறுத்துப் பார்த்த பெரியவர், பஸ் எப்போது வரும் என்று கேட்டார். சேலத்தார் கண்ணைத் திறக்காமல், "இது பஸ் இல்லீங்க, வேண்டுதல்" என்றார். அதற்குள் நிஜமான ஆத்தூர் பஸ் போய்விட்டிருந்தது. பெரியவர் திட்டிய திட்டில் நான் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டேன்.

இன்னொரு நாள், மலையிலிருந்து புளி கொண்டுவந்து விற்கும் ஒரு அம்மாள் வெள்ளிமலை ரூட்டை முழுசாகக் கேட்டுவிட்டு, எங்கள் ஊர் எங்கே என்றாள். அது பஸ் போகாத ஊர். சேலத்தாருக்கு அவமானம் தாங்கவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமையே கடைசி ஸ்டாப்பில் இறங்கி, குக்கிராமம் குக்கிராமமாக நடந்து பேர் எழுதிக்கொண்டு வந்தார். கால் இரண்டும் பூசணிக்காய் மாதிரி வீங்கிவிட்டன. லிஸ்ட் நீண்டது, பஸ்காரர்கள் வேறு ஆளைப் போட்டுவிடுவதாக மிரட்டினார்கள். இத்தனைக்கும் எந்த ஊர் உருப்பட்டது? அந்த அம்மாளின் ஊருக்கு இன்றுவரை பஸ் இல்லை. புளிக்கூடை தலையில்தான் இறங்கி வருகிறது. எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது என்பதை வாரம் ஒரு தரமாவது அவரிடம் சொல்லிவிடுவேன்.

அவர் மனைவிக்குக் கிட்னி போய்விட்டது. வாரம் இரண்டு தடவை டயாலிசிஸ். பிள்ளைகள் இல்லை. சேலத்தாருக்கு ஒட்டு உறவு என்று இருந்தது அந்த அம்மாள் ஒருவர்தான்.

என் வாய் சும்மா இருந்திருக்கலாம். ஒரு சாயங்காலம் அவர் முடித்து எழுந்ததும் கேலியாகக் கேட்டேன். "எல்லா ஊரும் வந்துச்சு சேலத்தாரே, கள்ளக்குறிச்சி எங்க?"

சிரித்தார். "நிக்கிற ஊர எவனாச்சும் கூவுவானா சார்?" என்றவர் அப்படியே நின்றுவிட்டார். முகத்தில் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது.

"நாலு வருசமா ஊரெல்லாம் குடுத்துக்கினு இருந்தேன். என் வூடு இங்கதான சார் இருக்குது."

மறுநாளிலிருந்து கள்ளக்குறிச்சிதான் முதல் பேர். அதை மட்டும் மூன்று முறை சொல்வார். பதினேழாம் நாள் அவர் மனைவி போய்விட்டார்.

காரியம் முடிந்து வேலைக்கு வந்தவர் நேராக என் கடைக்குத்தான் வந்தார். சண்டைக்கு வந்திருந்தால்கூடப் பரவாயில்லை.

"கொஞ்சம் மின்னாடியே சொல்லியிருக்கலாமே சார்" என்றார்.

கிட்னிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லியிருந்தால் அந்த நாலு வருஷத்துக்கும் என்ன அர்த்தம் என்று கேட்டிருப்பார்.

இப்போது அவர் படியில் உட்காருவதில்லை. ஏன் என்று ஒருமுறை கேட்டுப் பார்த்தேன். "குடுக்கறதுக்கு உள்ள இன்னா சார் இருக்குது" என்றார். பஸ்ஸுக்கு மட்டும் கூவுகிறார். ஒரு வண்டிகூடத் தவறுவதில்லை என்று பஸ்காரர்களுக்கு ஏக சந்தோஷம்.

நாலு மணிக்குமேல் அந்தப் படி காலியாகக் கிடப்பதை என்னால் பார்க்க முடியவில்லை. நானே போய் உட்கார்ந்துகொள்கிறேன். எனக்குத் தியானம் தெரியாது. கொடுப்பதற்கு நிம்மதியும் கிடையாது. அந்த மலைக் கிராமங்களின் பேரெல்லாம் பாதி மறந்துவிட்டது. ஆனாலும் கண்ணை மூடிக்கொண்டு ஒரே ஒரு ஊரை மட்டும் சொல்கிறேன், கள்ளக்குறிச்சி நல்லா இருக்கணும் என்று. எதிரே சேலத்துக்கு ஆள் கூப்பிட்டுக்கொண்டு அவர் இங்கேதான் நிற்கிறார்.